திமிங்கலக் கூடத்தில் ஆளில்லாத படம்

அன்செல்மோ ரிகெல்மே கெட்டவர் இல்லை. எங்கள் துறைமுக ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை முப்பது வருடம் படம் பிடித்தவர். கூரை வளைவு, இரும்புப் படிக்கட்டு, பாடம் செய்த பூமா எல்லாம் அவர் படத்தில் அத்தனை அழகு. மனிதர்கள்தான் அவருக்கு ஆகாது.

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து நான் கேட்டுச் சலித்த அவர் சத்தம் இது: “யோவ் நிக்கனோர், நிக்காதய்யா! நடந்துக்கிட்டே இரு!”

திமிங்கல எலும்புக்கூடு தொங்கும் கூடத்தில் வெளிச்சம் போதாது. கேமராவை மூன்று நிமிடம் திறந்து வைப்பார். நடப்பவர் படத்தில் விழமாட்டார், நின்றால் விழுந்துவிடுவார். காவலாளி நிக்கனோர், “நான் என்ன பேயா, தோன் அன்செல்மோ?” என்று மரியாதைக்கு ‘தோன்’ போட்டுச் சிரித்துக்கொண்டே நடப்பார்.

மார்ச் நிலநடுக்கத்தில் அந்தக் கூரை நிக்கனோர்மேல் விழுந்தது. முகம் பார்க்கும்படி இல்லையென்று சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். மலைச்சரிவில் இருந்த அவர் வீடும் சரிந்து, இருந்த ஒரே கல்யாணப் படமும் மண்ணுக்குள் போய்விட்டது.

அவர் மனைவி எர்சிலியா அன்செல்மோவிடம் வந்தாள். “பெட்டி மேல வைக்க ஒரு மூஞ்சி வேணும். முப்பது வருசத்துல ஒண்ணுகூடவா இருக்காது?”

நானும் அவரும் இரண்டு நாள் தேடினோம். கூடம், கூடம், வெறும் கூடம். கடைசியில் ஒரே ஒரு கண்ணாடி நெகட்டிவ் தகடு. திமிங்கலத் தாடைக்குக் கீழே, கம்பியைப் பிடித்தபடி நிக்கனோர் நிற்கிறார். சட்டைப் பித்தான்கூடத் தெரிகிறது. கழுத்துக்கு மேலே முகம் இல்லை, கத்தியால் சுரண்டிய தடம்.

“நான்தான் சுரண்டினேன். படம் கெட்டுப்போச்சேன்னு கோவத்துல…” என்றார் அன்செல்மோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன்.

“படமே இல்லைன்னு எர்சிலியாகிட்ட சொல்லிடுங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. எர்சிலியாவின் தங்கை வீட்டில், மெழுகுவத்திகளுக்கு நடுவே மூடிய பெட்டி இருந்தது. அதன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

எர்சிலியா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எனக்குத் தெரியும் அந்த நாளு. வந்ததும் வராததுமா சொன்னாரு, ‘முட்டி வலிச்சுச்சு, நின்னுட்டேன்டி. இன்னைக்குப் படத்துல விழுந்திருப்பேன்’னு. எப்ப கழுவித் தருவீங்கன்னு ரொம்ப நாள் பாத்துக்கிட்டிருந்தாரு. கேக்கத்தான் கூச்சம்.”

படம் இல்லாமலே பெட்டியை எடுத்தார்கள்.