வாசலில் கழற்றிய கொண்டை ஊசி

மகள் என் தலையை வாரிக் கொண்டையில் ஊசி செருகுவாள். மாமனார் இருந்த அறைக்குள் நுழையும் முன் என் கை தானாகப் போய் அதை உருவிவிடும். "ஏம்மா, இப்பத்தான சொருகுனேன்!" என்று அலுத்துக்கொள்வாள். அவளுக்கு என்ன தெரியும், ஒரு காலத்தில் அவள் உயிரே அந்த ஊசியில்தான் இருந்தது.

மாமனார் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு வந்தால் உரசிப் பொறி பறக்கும்; அந்த விஷயத்தில் அவர் எமன். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோன என்னை வாசலிலேயே நிறுத்தினார். காலை நனைக்கச் சொல்லி, கொண்டை ஊசியைக் கழற்றி அங்கிருந்த தேங்காய்ச் சிரட்டையில் போட வைத்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. "நீ மருமகள்னு மருந்துக்குத் தெரியுமா தாயி?" என்றார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வயதான காலத்தில் அறளை பெயர்ந்துவிட்டது. வீட்டைக் கம்பெனி என்பார். பெற்ற மகனையே "நீ யாருலே?" என்பார். என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்காது. "நான் உங்க மகன், இது நம்ம வீடு" என்று மல்லுக்கு நிற்பார். இவர் அடித்துச் சொல்லச் சொல்ல அவர் முரண்டு பிடிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அடுப்பில் ஈர விறகு புகைந்தது. புகையைக் கண்ட மாமனார், தொட்டிலில் கைப்பிள்ளையாகக் கிடந்த என் மகளை வாரிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். ஐயோ, புகை ஏறக்கூடாதென்று பிள்ளையின் முகத்தைத் துண்டால் மூடி நெஞ்சோடு இறுக்கியிருந்தார். அழுகை அமுங்கி அமுங்கி வந்தது. "தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல, கதவத் தொறங்கப்பா!" என்று கத்திய என் வீட்டுக்காரர், கடப்பாரையை எடுத்துக் கதவிடுக்கில் கொடுத்தார். இரும்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், "எவன்லே மருந்து ரூமுக்கு இரும்பு கொண்டாந்தது!" என்று மாமனார் அலறினார். பிடி இன்னும் இறுகியது. பிள்ளையின் அழுகை நின்றேவிட்டது.

"அதத் தூரப் போடுங்க!" என்று வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளினேன். ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினேன். அடுப்படியில் கிடந்த சிரட்டையை எடுத்துவந்து ஜன்னலுக்கு நேரே நின்றேன். அவர் பார்க்கக் காலில் தண்ணீர் விட்டேன், கொண்டை ஊசியை உருவிச் சிரட்டையில் போட்டேன். குரல் நடுங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அய்யா, தீய அணைச்சாச்சு. கால நனைச்சுட்டேன். ஊசியக் கழட்டிட்டேன். உள்ள வரட்டுமா?"

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "சாவி?" என்றார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தையும் எடுத்துப் போட்டேன். தாழ் விலகியது.

துண்டை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை இந்த வயசு வரை நான் கேட்டதில்லை. மாமனார் வேர்த்து நடுங்கியபடி அவளை என் கையில் வைத்தார். "பச்சப்பிள்ளய எவளோ இங்கன விட்டுட்டுப் போயிருக்கா. பத்திரமாக் கொண்டுபோயி, பெத்தவகிட்டக் குடுத்துரு தாயி."

நான்தான் பெத்தவ என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் வீட்டுக்காரரும் வாயைத் திறந்தார். அவர் கையை அழுத்திப் பிடித்தேன். "சரிங்கய்யா, குடுத்துர்றேன்" என்றேன்.

அதன் பிறகு மாமனார் இருந்தவரை அந்த வாசலில் சிரட்டை இருந்தது. என் வீட்டுக்காரரும் சாவியை அதில் போட்டுவிட்டு, "வரட்டுமாய்யா?" என்று கேட்டுத்தான் நுழைவார். இன்று அங்கே சிரட்டையும் இல்லை, அவரும் இல்லை. மகள் மறுபடியும் ஊசியைச் செருகுகிறாள், நான் மறுபடியும் உருவுகிறேன். உருவும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: பெத்தவகிட்டக் குடுத்துட்டேன் மாமா.