போட்டோவில் ஜடை போட்ட அம்மா

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஃபோனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வருஷம் சீசன் ஆரம்பித்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து ஃபோனை வாங்கினால் பதினேழு மிஸ்டு கால். ஒன்றும் தெரிந்த நம்பர் இல்லை. உங்கள் இரண்டு பேரில் யாருக்கோ ஸ்கூலில் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டேன். ஒரு பெண்பிள்ளை தெலுங்கில் மரியாதையாகவே பேசினாள். உங்கள் மனைவி வாங்கின பேங்க் லோனுக்கு மூன்று மாசத் தவணை, அதாவது வாயிதா, கட்டவில்லை, நீங்கள்தான் ரெஃபரன்ஸ், கட்டச் சொல்லுங்கள் என்றாள்.

"எங்க வீட்ல யாரும் லோன் வாங்கலம்மா, ராங் நம்பரு" என்றேன்.

அவள் உங்கள் அம்மா பெயரைச் சொன்னாள். திருப்பதியில் அவள் ரூம் கிளீனிங் வேலை பார்க்கும் லாட்ஜைச் சொன்னாள். சித்தூரில் நாம் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் மாவு மிஷின் இருப்பதைக்கூடச் சொன்னாள். டிபன் பாக்ஸைத் திறந்தேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்த எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான். நீங்கள் இங்கிலீஷ் மீடியம். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். முக்கியமாக நீ, பெரிய பெண்ணே. அந்தக் கடனில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். வரிசை வீட்டில் சுவருக்குக் காது உண்டு. அவள் தினமும் வேலை முடிந்து வரும் திருப்பதி வண்டி, பாகாலா ஜங்ஷனில் நின்று லேட்டாக வந்தது. அதுவரை பிளாட்ஃபாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"இன்னாங்க, ஸ்டேஷனுக்கே வந்துட்டீங்க?"

"லோனு இன்னாமே?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "வண்டி போவட்டும், சொல்றேன்."

வண்டி போனது. சொன்னாள்.

மகளே, உன் மஞ்சத்தண்ணிச் சடங்குக்கு உன் மாமன் சீர் கொண்டுவந்தது நினைவிருக்கும். பேண்டு வைத்து, ஐம்பத்தொரு தட்டு, பட்டுப் பாவாடை, ஜிமிக்கி. என் அக்கா தங்கச்சிகள் வாயடைத்துப் போனார்கள். ஃபேக்டரியில் ஒரு மாசம் அதையே பேசினேன். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் உங்கள் அம்மா வாங்கின லோன். லாட்ஜுக்கு வந்த ஏஜெண்டு, சம்பளச் சீட்டையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் ரெண்டு லட்சம் போட்டுவிட்டான். அந்தப் பணத்தைத் தம்பியிடம் கொடுத்து, 'நீ கொண்டாந்த மாதிரி கொண்டா' என்று சொல்லியிருக்கிறாள். அவனும் மாசாமாசம் கட்டிவிடுகிறேன் என்றான், கொஞ்ச மாசம் கட்டவும் கட்டினான். அவன் ஓட்டிக்கொண்டிருந்த காரை முதலாளி விற்றுவிட்டதும் வேலை போய், பெங்களூர் போய்விட்டான். அதற்குப் பிறகு வாயிதா ஏழாயிரத்துச் சொச்சமும் அவள் தலையில் விழுந்தது. அவள் சம்பளமே பதினோராயிரம்.

"உன் தம்பிக்கு சீரு செய்ய வக்கில்லன்னா வெறுங்கையோட வரட்டுமே! யாரு கேட்டா?" என்று கத்தினேன்.

"நீங்கதான்" என்றாள்.

எனக்கு உறைத்தது. உன் சடங்குக்கு முந்தின வருஷம் குடிபாலாவில் என் அண்ணன் பெண்ணுக்கு மஞ்சத்தண்ணி. மாமன் வீட்டார் டிராக்டரில் வைத்துச் சீர் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே எல்லார் எதிரிலும் நான் சொன்னேன்: "நம்ம பொண்ணுக்கு இன்னா வரப் போவுது? ஒரு பாவாடத் துணியும் ரெண்டு சீப்பு வாழப்பழமும்." சிரிப்பதற்காகச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அதற்கப்புறம் வீட்டில் நிம்மதி இல்லை. ஃபோனை சைலண்டில் போட்டால் ஆடுகிறது, ஆஃப் செய்தால், ஷிஃப்ட் சொல்லக் கூப்பிடும் ஃபேக்டரி சூபர்வைசர் திட்டுகிறார். தெருவில் எந்த பைக் மெதுவானாலும் என் கழுத்து தானாகத் திரும்பும். கடைக்குப் போகிற வழியை மாற்றினேன். பிறகு கடையையே மாற்றினேன். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் தின்பதற்குள் எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன். "நைனா, யாரு வராங்க?" என்று சின்னவன் கேட்பான். யாரும் இல்லைடா என்பேன்.

வார லீவு நாள் ஒன்றில் உங்கள் அம்மா லாட்ஜுப் பெண்களோடு அலிபிரியிலிருந்து மலையேறிப் போனாள். சாயங்காலம் கதவைத் திறந்தால் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நிற்கிறாள். இடுப்புவரை இருந்த ஜடை இல்லை.

"இன்னாமே இது?"

"வேண்டுதலு. கடன் தீரணும்னு."

"வேண்டுதலு நெறவேறின அப்புறம்தான் முடி குடுப்பாங்க. நீ இன்னா அட்வான்ஸா குடுத்துட்ட?"

"மல மேல கீற சாமியும் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிட்டு இன்னும் வட்டி கட்டிக்கினு கீறாரு. கடங்காரன் அவசரம் கடங்காரனுக்குத் தெரியும். நீங்க லட்டு துன்னுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு பைக் மெதுவாகி, நம் வாசலிலேயே நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். உங்கள் அம்மாதான் வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, இந்த அம்மா எங்கே என்று தெலுங்கில் கேட்டான். லோனுக்கு எடுத்த படம். ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அது எங்க அக்கா. ஊர்ல இல்ல" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் அவள் தலையை ஒரு தடவை பார்த்தான். "சரிம்மா. அக்கா வந்தா சொல்லுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனான்.

பைக் சத்தம் தெருமுனை திரும்பியதும் நாம் நாலு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எத்தனை வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. சின்னவன் அன்றைக்கே, "சித்தி, இன்னொரு தோச போடு சித்தி" என்று ஆரம்பித்துவிட்டான். அவளும், "உங்கம்மா வந்தா கேட்டுக்கோடா" என்றாள். அது வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நானும் ஒரு தடவை, "மச்சினிச்சி, கொஞ்சம் காப்பி" என்றேன். எல்லாரும் சிரிக்கும்போது நீ மட்டும் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாய், மகளே. நான் அதைக் கவனித்தேன்.

அடுத்த மாசம் ஒரு சாயங்காலம் இரண்டு பைக் வந்தது. அதே பையன், கூட வயதான ஒருத்தர். வாட்டசாட்டமான ஆள், குரல் நாலு வீடு கேட்கும். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது நீ.

"ஏம்மா, உங்கம்மா எங்க? எத்தினி நாளு ஆட்டம் காட்டுவீங்க?"

நீ சொன்னாய்: "எங்கம்மா செத்துட்டாங்க."

எனக்கு ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. அப்படியே நின்றேன். அந்த ஆளின் குரல் இறங்கிவிட்டது. செருப்பைக் கழற்றினார். "அய்யோ பாவம். எப்பம்மா?" என்றார். நான் வாசலுக்கு வந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணா, தெரியாம கத்திட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. ஒண்ணு சொல்றேன், இந்த லோனுக்கு இன்சூரன்ஸு கீது. டெத் சர்ட்டிஃபிகேட் ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும், லோனு க்ளோஸு. உங்களுக்கு ஒரு ரூபா பாரம் இல்ல."

இதற்கு மேல் எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவர் அதைச் சொன்னதும் நான் 'இல்லை சார், அவள் இருக்கிறாள்' என்று சொல்லவில்லை. சர்ட்டிஃபிகேட் கொடுக்கிற ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் இருந்தார். அவர் முகம் என் மனசுக்குள் வந்தது. அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுகூட யோசித்தேன். பின்பக்கம் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் உங்கள் அம்மா செத்தவளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துணி அடிக்கிற சத்தம் நின்றது.

அவள் வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. தலையில் முடி அரை விரல் வளர்ந்திருந்தது. "போட்டோல கீறது நான்தான். சாவல" என்றாள்.

பெரிய ஆளுக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. "இன்னா டிராமாவா? பெத்த பொண்ண வுட்டு சாவு சொல்ல வெக்கிறீங்களே, த்தூ!" என்று கத்தினார். மாவு மிஷினுக்கு வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"டிராமாதான். முடிஞ்சி போச்சி" என்றாள் உங்கள் அம்மா. "இனிமே என் பொண்ண கேக்காத. என் புருஷன் ஃபோனுக்குப் பண்ணாத. வாங்கினவ நானு. என்ன கேளு."

அதுவரை பைக்கிலிருந்து இறங்காத பையன் அப்போதுதான் வாய் திறந்தான். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ரெண்டு மாசமா உங்க கிட்ட தெனம் ஃபோன்ல பேசறேன். குரலு தெரியாதா?"

"அப்புறம் இன்னாத்துக்குப்பா போயிட்ட?"

"அன்னிக்கு உங்க தலையில சந்தனம்கூட போவல. எங்கம்மாவும் முடி குடுத்தவங்கதான். கேக்க வாய் வரல." பிறகு பெரியவரைப் பார்த்துக்கொண்டு, குரலை மாற்றி, "ஆனா வாயிதா கட்டணும்மா" என்றான்.

நீ உள்ளே ஓடிப் போய்விட்டாய். அவள் உன்னைத் திட்டவில்லை. ராத்திரி சோறு போடும்போது உன் தட்டில் மட்டும் நெய் ஊற்றினாள். என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என் ஒரு நிமிஷம் தெரியுமா, தெரியாதா? இன்று வரை நான் கேட்கவில்லை.

அடுத்த நாளே ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு திருப்பதி பேங்க்குக்குப் போனேன். அவள் தலையில் முக்காடு போடவில்லை. மேனேஜர் கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபோட்டோ மேட்ச் ஆகலையேம்மா" என்றார். ஆதாரைக் கொடுத்தாள். அதிலும் ஜடை.

"மல மேல போயி கேளுங்க சார். அங்கதான் கீது என் ஜட" என்றாள். மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் அபராதத்தைக் குறைக்கவில்லை. வருஷத்தை நீட்டி வாயிதாவைச் சின்னதாக்கிக் கொடுத்தார். பழைய பாக்கியை அடைக்க உன் ஜிமிக்கியை விற்றோம். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அப்போது உன்னிடம் சொன்னது பொய். மாமன் இப்போது பெங்களூரில் வண்டி ஓட்டிக்கொண்டு முடிந்ததை அனுப்புகிறான். அவனை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். தம்பி பெயர் நிற்கட்டும் என்று அக்கா கொடுத்ததை வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

மகளே, அந்த வார்த்தையை நீ அதற்கப்புறம் எங்குமே சொன்னதில்லை. யார் வீட்டில் சாவு நடந்தாலும் 'போய்ட்டாங்க' என்றுதான் சொல்கிறாய். அன்றைக்கு அது உன் வாயிலிருந்து வந்தாலும் உன் வார்த்தை இல்லை. கதவுக்குப் பின்னால் சும்மா நின்று அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

கடன் இன்னும் தீரவில்லை. பைக் மெதுவானால் என் கழுத்து இன்னும் திரும்புகிறது. அவள் முடி இப்போது தோளுக்கு வந்துவிட்டது, சின்னதாக ஒரு பின்னல் போடலாம். வாயிதா தேதி நெருங்கினால் பேங்கிலிருந்து ஃபோன் வரும். அவள் எந்த வேலையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி, முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.

"ஆமா, நான்தான் பேசறேன்" என்கிறாள். "சொல்லுங்க."