தோட்டத்தில் பெண்களும் இருந்தார்கள்

கல்யாணமான மறுமாதமே என்னை ஆசிரியை வேலையை விட வைத்தார் என் கணவர். "தேவையைக் குறைச்சுக்கிட்டா ஒரு சம்பளமே போதும்" என்றார். ஓசூரில் அவரும் ஆசிரியர்தான். பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, ஒரு கிரேக்க ஞானியைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் அவருக்கு வேதம். வாழ்க்கையின் குறிக்கோள் இன்பம்தான். ஆனால் அது விருந்திலும் பட்டிலும் இல்லை. பசிக்கு ரொட்டி, தாகத்துக்குத் தண்ணீர், பேச நாலு சிநேகிதர், பயமில்லாத மனசு. இவ்வளவு போதும் என்றாராம் அந்த ஞானி.

ஞாயிறுதோறும் கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்தடியில் அவரும் தலைமையாசிரியரும் ஜவுளிக்கடை பாயும் உட்கார்ந்து இதைப் பேசுவார்கள். எளிய சாப்பாடுதான், களியும் கீரைக் கடைசலும். அந்த எளிமைக்காக நான் விடியலில் ராகி திரிக்க வேண்டும், தண்ணீர் சேந்த வேண்டும், தோள் கழன்றுவிடுமளவு களி கிண்ட வேண்டும். சாப்பிட்டுவிட்டு, "இதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்!" என்பார் தலைமையாசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாவது வருடம் ஒரு நாள், என் கணவர் பள்ளிக்குப் போன பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். அந்த ஞானியின் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும்கூடச் சமமாக உட்கார்ந்து பேசினார்கள் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. ஓரத்தில் என் கணவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

படித்திருக்கிறார். படித்துவிட்டு ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. முக்காலியை எடுத்துப்போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

"காபி ஆச்சா?" என்றார் என் கணவர்.

"ஆகலீங்க. அந்தத் தோட்டத்துல பொம்பளைங்களும் உக்காந்து பேசினாங்களாமே. கோடு போட்டு வெச்சிருக்கீங்க. இவங்ககிட்ட சொல்லலியா?"

தலைமையாசிரியர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பாய் மட்டும், "சொல்லலியேம்மா" என்றார்.

"அது கிரேக்க நாடு. இது ஓசூர்" என்றார் என் கணவர்.

"ரொட்டியும் தண்ணியும் மட்டும் ஓசூருக்கு எப்படிங்க வந்துச்சு?"

தலைமையாசிரியரும் பாயும் எழுந்து போனார்கள். அடுத்த மூன்று வாரத்தில் மனு எழுதிப் போட்டேன். சூளகிரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. என் கணவர் தடுக்கவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை.

குடிக்காதவர், கை நீட்டாதவர் என்று ஊரே அவரைப் புகழ்ந்தது. உண்மைதான். ஆனாலும் அந்த ஆறு வருடத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதல் நாள் கரும்பலகையில் எழுதிய 'அ' கோபத்தில் கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.