மாமாவின் ரொட்டிக் கடை எந்தத் தெருவில் இருந்தது

2003 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. மொன்றியலின் புறநகரான டொலாரில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அப்பா கம்பளத்தை வக்யூம் பண்ணுவார். அம்மா மீன் கழுவுவார். நானும் மாமாவும் அழுக்குடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துச் சலவை அறைக்குப் போவோம். அன்று மட்டும் மீன் இல்லை. மாலையில் சாப்பிட வருபவர்கள் மரக்கறிக்காரர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முந்திய பனிக்காலத்தில் மொன்றியலுக்கு வந்து எங்கள் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒன்றரை வருடம் கோலாலம்பூரில் இருந்தவர். பதினொரு வயதில் எனக்கு இது பெரிய பெருமை. என் வகுப்பில் வேறு யாருடைய மாமாவும் இரட்டைக் கோபுரம் உள்ள ஊரில் இருந்ததில்லை. சைனா டவுனுக்குப் போனால், “இதுதான் மருமோள், அங்கத்தைய சீனத் தெரு” என்பார். மவுண்ட் ரோயலில் ஏறி நின்றால், கீழே தெரியும் கட்டடங்களில் இரண்டைத் தெரிந்தெடுத்து இரட்டைக் கோபுரமாக்கிவிடுவார். மொன்றியலைச் சுற்றிப்பார்த்தபடியே நான் கோலாலம்பூரையும் பார்த்து முடித்திருந்தேன்.

சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொல்லி மாமா கேட்ட புத்தகத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூருக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கான பிரெஞ்சுப் புத்தகம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக் கேட்டார்.

“இருந்த ஊரைப் பற்றி ஏன் மாமா புத்தகத்திலை கேக்கிறீங்கள்?”

“இருந்தவனுக்குத்தான் மறதி கூட. நீ வாசி.”

விடயம் இதுதான். புவாண்ட்-கிளேரில் அப்பா வேலை செய்த நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் இருந்தார். சென்னைக்காரர், கர்க்லாண்டில் வீடு. அவரும் மனைவியும் சென்னைக்குப் போகும் வழியில் நான்கு நாள் கோலாலம்பூரில் தங்குவதாக இருந்தார்கள். “என்ரை மச்சான் அங்கை இருந்தவர், எல்லாம் சொல்லுவார்” என்று அப்பா வாயை விட்டுவிட்டார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மாமாவின் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவர் ஏன் அங்கே இருந்தார், எப்படி இங்கே வந்தார் என்பதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது.

“ஊரைப் பற்றிக் கதை,” என்று அம்மா அவரிடம் சொன்னார். “வந்த வழியைக் கதையாதை.”

“ஓம் அக்கா. இண்டைக்கு நான் கைட்.”

ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கோலாலம்பூர் ரொட்டியைத் தானே செய்து காட்டுவதாகச் சொல்லி, மத்தியானமே மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்திருந்தார் மாமா. எல்லோரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். மாவை மேசையில் அடித்தார். அடுத்தடுத்து மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு ஒரு நீண்ட அடி. தாளம் தப்பவே இல்லை. ஆனால் ரொட்டி கிழிந்து, ஒரு பக்கம் தடித்து, சட்டியில் ஏதோ ஒரு நாட்டின் வடிவில் கிடந்தது.

எஞ்சினியர் சிரித்தார். “சத்தம் பிரமாதம் தம்பி. ரொட்டிதான் வரல!”

“அங்கையும் அப்பிடித்தான் சேர். முதல் சத்தம் வரும். பேந்துதான் ரொட்டி வரும்.”

சாப்பாட்டு மேசையில் மாமா பொழிந்து தள்ளினார். விடிய முன்னமே கடையில் ரொட்டி அடிக்கத் தொடங்குவார்கள், அதைப் பருப்புக்கறியோடு சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு இலையில் கட்டி வரும், பொட்டலத்தைப் பிரிக்கும்போது முதலில் வரும் வாசத்தை விட்டுவிடக் கூடாது. மரக்கறிக்காரர் நெத்தலியை ஓரமாக ஒதுக்கினால் போதும். பின்னேரத்தில் மழை வரும். மழை விட்ட பிறகு கோபுரத்தைப் பார்த்தால், நுனி மட்டும் முகிலுக்கு மேலே நிற்கும்.

“எல்லாமே பார்சலாவே சொல்றீங்களே,” என்றார் எஞ்சினியர். “உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் சொல்லுங்க.”

“பொட்டலத்திலைதான் ருசி, சேர்.”

“அந்தக் குகைக்குள்ள முருகன் கோயில் இருக்காமே, எத்தனை படி தம்பி?” என்று அவர் மனைவி கேட்டார்.

“நாங்கள் வேதக்காரர் அக்கா, மாதா கோயில்தான். படி எண்ணேல்லை.”

“இருநூற்று எழுபத்திரண்டு!” என்றேன் நான். புத்தகத்தில் படித்தது. மேசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார், அன்று முதல் தடவையாக.

சாப்பிட்டு முடிந்ததும் எஞ்சினியர் கோப்பைகளை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து கோலாலம்பூர் வரைபடத்தை எடுத்து விரித்தார். “அந்த ரொட்டிக் கடைக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டுடுங்க தம்பி. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

மாமா பேனையை வாங்கிக்கொண்டார். பேனை தாளைத் தொடாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஆற்றைத் தாண்டியது, திரும்பி வந்தது. வரைபடம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரி. எட்டிக் குனிந்தேன்.

“எந்தத் தெரு மாமா? பேரைச் சொல்லுங்கோ, நான் தேடித் தாறன்.”

அப்பா மாமாவைப் பார்த்தார். அம்மா தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றுவிட்டார். மாமாவின் காதுகள் சிவந்திருந்தன.

எஞ்சினியரின் மனைவி ஒரு கணம் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து நிதானமாக மடிக்கத் தொடங்கினார். “விடுங்க. விடிகாலைல எழுந்து சத்தம் வர்ற பக்கமா நடந்தா கடை வந்துடப் போவுது.”

“இல்ல, தெருப் பேர் தெரிஞ்சா…”

“டீ ஆறுதுங்க.”

அவ்வளவுதான். தேநீர் குடித்தார்கள், மொன்றியல் குளிரைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள். கதவு சாத்தியதும் எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை வருடம் இருந்த ஊரில் ஒரு தெருவின் பெயர்கூடவா தெரியாது என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. மாமாதான் சிரித்தார். “உன்ரை மாமன் ஒரு மொக்கன், மருமோள்.” நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்த ரொட்டிக் கடை அவர் இருந்த அறைக்குக் கீழே இருந்தது. பாஸ்போர்ட்டை, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் வைத்திருந்தான். அறையை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். சாப்பாடு பொட்டலமாகக் கதவால் வந்தது. சுவரின் உச்சியில் இருந்த சிறு யன்னலால் தெரிந்தது கோபுரத்தின் நுனி மட்டும். வழக்கெல்லாம் நல்லபடி முடிந்து, நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா இவற்றைச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போக முன்னம், முதல் வேலையாக மாமா என்னை எழுப்பினார். “வா, ஒருக்கா நடந்திட்டு வருவம்.” எங்கள் தெருமுனையில் பெயர்ப்பலகையின் கீழே நின்று, “வாசி” என்றார். வாசித்தேன். திருப்பிச் சொன்னார். அடுத்த முனையிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். பேருந்துத் தரிப்பு வரை போனதும் வீட்டுப் பக்கம் திரும்பி நின்று, கையை நீட்டி நீட்டி எல்லாப் பெயர்களையும் கடைசியிலிருந்து முதல் வரை ஒப்புவித்தார். அவர் பிரெஞ்சு பழகுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு பெயரிலும் அவருடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வீடு வரை நடந்தேன்.