இரண்டு தட்டு

2002-ல் நடந்தது இது. கம்பம் போகிற ரோட்டில் இருந்த ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் அப்போது நான் டைப்பிஸ்ட். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மூன்று மாதம், தினமும் மதியம் இரண்டரையிலிருந்து மூன்றே முக்கால் வரை, வேலை நேரத்திலேயே. பெயர்ப் பட்டியலைத் தயாரித்தது நான். ஹையர் பாஸ் செய்தவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று என் பெயரை நான் சேர்க்கவில்லை. மற்றவர்களில் மணியடிக்கிற அட்டெண்டர் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மூன்று மணிக்குப் பீரியடு முடிகிற மணியை யார் அடிப்பது என்பதுதான் காரணம். அவரைக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். மார்க்கையன்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். அந்த வருடக் கடைசியில் ரெக்கார்டு கிளார்க் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார், கம்ப்யூட்டர் சர்டிபிகேட் இருந்தால் அந்த இடம் இவருக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பட்டியல் ஒட்டிய அன்று என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"சூப்பிரண்டு சொல்லிட்டாக மேடம். மணிக்கு நானே ஆளு பாத்துக்கிட்டா கிளாசுக்குப் போகலாமாம். மணியில ஏதும் தப்பு நடந்தா நான்தான் பொறுப்பாம். ஒரே ஒரு மணிதான், நீங்க அடிப்பீகளா?"

மனசு உறுத்திக்கொண்டிருந்ததால் சரி என்றேன். எப்படி அடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தார். "தெரியும்ணே, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆபீஸ் வராந்தா ஓரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு அது. பக்கத்திலேயே ஒரு இரும்புக் கம்பி. இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு நாளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன். பின்னாலிருக்கும் கெமிஸ்ட்ரி பிளாக்கில் மணியே கேட்கவில்லை என்று புகார் வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கை வலிக்கிற வரை அடித்தேன்.

எங்கள் கல்லூரியில் நீளமாக மணி அடித்தால் விட்டாச்சு என்று அர்த்தம். அது நாலு மணிக்கு. நேரமில்லாத நேரத்தில் நீளமாக அடித்தால் யாரோ முக்கியமானவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். தாளாளர் வேறு அந்த வாரம் உடம்புக்கு முடியாமல் மதுரைக்குப் போய் வந்திருந்தார். ஒருவரும் ஒருவரையும் விசாரிக்கவில்லை. பத்தே நிமிடத்தில் கல்லூரி காலியானது. பையன்கள் ஏறிய பஸ்ஸிலேயே செய்தியும் கம்பத்துக்குப் போய்விட்டது. கேன்டீன் நடத்துகிறவர் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு தாளாளர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். கேட்டைத் திறந்துவிட்டது தாளாளரேதான்.

இன்று சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் சூப்பிரண்டு அட்டெண்டரை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. தப்பு நடந்துபோச்சு சார் என்று அவர் சொன்னது என் மேஜை வரை கேட்டது. என் பெயரைச் சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் எழுந்து போகவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்கான மெமோ வரைவு என் மேஜைக்கே டைப் அடிக்க வந்தது. மணியைத் தவறாக அடித்து நிறுவனத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதாகவும், பயிற்சியிலிருந்து அவர் நீக்கப்படுவதாகவும், மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. கார்பன் வைத்து உருட்டி, பாதி வரை அடித்தேன். நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்று பெருமை பேசுகிற விரல்கள் அவர் பெயரை அடிக்கும்போது இரண்டு தடவை பிழை விட்டன. வெட்கமாக இருந்தது. தாளை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"இதுல பேரு தப்பு சார்."

"யாரு பேரு வரணும்?"

"என் பேரு."

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பயிற்சியிலிருந்து நீக்குகிற வரியை மட்டும் எடுத்துவிட்டு, என் பெயரைப் போட்டு டைப் செய்துகொண்டு வரச் சொன்னார். எனக்கான மெமோவை நானே, மூன்று பிரதி, ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

ஏன் என்னைச் சொல்லவில்லை என்று அன்று சாயங்காலம் அட்டெண்டரிடம் கேட்டேன். பெரிய மனசு என்று ஏதாவது சொல்வார், நானும் கண் கலங்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"நீக்குறது வரைக்கும் போகும்னு நான் எங்கன கண்டேன் மேடம்? திட்டோட போயிரும்னு நெனச்சேன். உங்களக் காட்டிக்குடுத்துட்டா, நாளைக்கு எனக்கு மணி அடிக்க யாரு வருவாக?"

அவ்வளவுதான் விஷயம். பிறகு, மெமோவுக்கு விளக்கம் எழுதவேண்டுமா, அதைத் தானே கம்ப்யூட்டரில் அடித்துத் தரட்டுமா, பழகின மாதிரியும் இருக்கும் என்று கேட்டார். லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இரண்டு விரலால் அடித்தார். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் மன்னிப்புக் கடிதம்தான் அவர் முழுசாக அடித்த முதல் கடிதம். பிரிண்ட் எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் மணியடிக்கப் போவதற்கு முன்னால் நானாகவே அவரைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டேன்.

"பீரியடுக்கு ரெண்டே தட்டு. நடுவுல அடிக்கக் கூடாது மேடம், இந்த ஓரத்துல அடிங்க, கெமிஸ்ட்ரி பிளாக்குக்கும் கேக்கும். கேட்டுச்சோ கேக்கலையோன்னு சந்தேகம் வந்தாலும் மூணாவது தட்டக் கூடாது."

ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். கெமிஸ்ட்ரி பிளாக்கிலிருந்து பையன்கள் வெளியே வந்தார்கள்.

பயிற்சி முடிகிற வரை அந்த மணியை நான்தான் அடித்தேன். வருடக் கடைசியில் அவர் ரெக்கார்டு கிளார்க் ஆனார். என் மெமோ என் பைலிலேயே இருந்தது. ஒருவர் எதையாவது சொல்ல ஆரம்பிக்கும்போது "தெரியும்" என்று இன்றும் எனக்கு வாய் வரை வந்துவிடுகிறது. ரோஜா மாலையோடு கேட்டில் நின்ற கேன்டீன்காரரை நினைத்துக்கொண்டு, சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.