மடக்குச் சைக்கிளில் வளைகாப்புக்குப் போனது

தங்கைக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டும், வளையல் போட வேண்டும். பெற்றவர்கள் சப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். பிறந்த வீடு என்றால் நானும் என் மனைவியும்தான்.

நாங்கள் மந்தின் பக்கத்து ரப்பர்த் தோட்டம். தங்கை வாழ்க்கைப்பட்டது சி ரூசாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்திருந்தார்கள். கிழங்கு தின்று அரிசி சேர்த்தோம். அரிசியாகக் கொண்டுபோனால்தான் பிடிப்பார்கள், சோறாக்கிவிட்டால் மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்கு ஆகாது, அதை யார் தடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன மடக்குச் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. நடுவில் இரண்டு திருகாணி. தளர்த்தினால் பாதியாக மடங்கும். முழுச் சைக்கிளை பஸ்காரன் ஏற்றமாட்டான். இதை ஏற்றுவான். சிரம்பானில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேட்டான்.

"என்னாண்ணே, சைக்கிளுக்கு இடுப்பு ஒடிஞ்சி போச்சா?"

"புடிச்சி ஏத்துலா," என்றேன். என் மனைவி சிரித்தாள்.

போர்ட்டிக்சன் சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். சைக்கிள் குழாயில் அரிசி கடத்துகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. மடங்குகிற சைக்கிளைக் கண்டதும் சந்தேகம் வந்துவிட்டது. மடக்கச் சொன்னார்கள். விரிக்கச் சொன்னார்கள். சீட்டைப் பிடுங்கிக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பஸ் காத்திருக்கவில்லை, போய்விட்டது.

பிறகு ஒரு மலாய்க்காரப் போலீஸ் என் மனைவி கையிலிருந்த அடுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறு கூடாது என்றான். என் மனைவி தன் வயிற்றில் கைவைத்து, பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. வெள்ளைக்கார அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரன் சோற்றைச் சாலையோரப் புல்லில் கொட்டிவிட்டுச் சட்டியை அவள் கையில் கொடுத்தான்.

அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். மேடு வந்தால் இறங்கித் தள்ளினோம்.

உச்சிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. வெயில் சாய்ந்துவிட்டது. தங்கையின் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட் பூட்டிக்கிடந்தது. காவலுக்கு நின்றவர் தமிழர்தான்.

"அண்ணே, என் கூடப்பொறந்தவ. வளையல மட்டும் போட்டுட்டுப் போயிர்றோம்."

"வெளித்தோட்டத்து ஆளு உள்ள வரக்கூடாதுப்பா. வேலிக்கு மேல எதையும் நீட்டவும் கூடாது. என் வேல போயிரும். கூப்புடறேன், நின்னு பேசு."

தங்கை வந்தாள். தலை நிறையப் பூ, புதுச்சேலை. பிறந்த வீட்டுச் சோறுதான் முதலில் வாயில் படவேண்டும் என்று காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். பின்னால் நின்ற அவள் மாமியார், "வெறுங்கையோடயா வந்தாங்க?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள்.

ரோட்டில் நடந்ததை என் மனைவிதான் சொன்னாள்.

தங்கை அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "என்னென்ன சோறு அண்ணி?" என்றாள்.

"புளிச்சோறு. எலுமிச்சம்பழச் சோறு. தேங்காச்சோறு. தயிர்ச்சோறு."

"தயிர்ச்சோத்துல இஞ்சி போட்டீங்களா?"

இஞ்சி எங்கும் கிடைக்கவில்லை.

"போட்டேம்மா," என்றாள் என் மனைவி.

தங்கை தலையாட்டினாள். ஊரடங்குச் சங்கு ஊதியது. மாமியார் கையைப் பிடித்து இழுக்க, அவள் உள்ளே போனாள்.