முந்திரிக்காட்டில் வைத்த டப்பா

என் கணவருக்குக் கடைசி இரண்டு வருடங்களாக ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. ஜியோகேச்சிங் என்பார். யாரோ ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தைப் போன் ஆப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்கவேண்டும். அவ்வளவுதான். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் போய்வந்து இடுப்பொடிந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எனக்கு எரியாதா?

போன ஆடியில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் தானே ஒரு டப்பா வைத்துவிட்டு வந்தார்.

"மொதப் பக்கத்துல ஒனக்குத்தான் எழுதி வச்சிருக்கேன். நீயே வந்து எடுத்துப் பாரு."

"எனக்கு வேற வேலை இல்லையா" என்றேன். அடுப்பைப் பார்த்தபடிதான் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

ஏழு மாதமாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். எல்லாவற்றையும் போனிலேயே தட்டிப் பழகியவர். எனக்கென்று அவர் கையால் எழுதிய ஒரு வரி கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது அந்த டப்பா மட்டும்தான்.

சித்திரையில் ஒருநாள் காலை, அவர் போனையும் அவர் வண்டியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். போனில் அம்புக்குறி பன்னிரண்டு மீட்டர் என்றது, நாலு என்றது, நின்ற இடத்திலேயே ஒன்பது என்றது. எல்லா மரங்களும் ஒரே மாதிரி தரையோடு தாழ்ந்து கிடந்தன. 'வேரில் தேடு' என்று ஆப்பில் குறிப்பு போட்டிருந்தார். எந்த மரத்து வேர்? முட்டிபோட்டு, சருகை இரண்டு கையாலும் வாரினேன். தேள் இருக்கும், பாம்பு இருக்கும் என்று தோன்றவேயில்லை. பதினோரு மரம் ஆயிற்று. போனில் சார்ஜும் தீரப்போகிறது. "எங்கதாங்க வச்சீங்க" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த தோப்புக்கார அம்மா கூடையோடு வந்தார்.

"இங்கிட்டு என்னங்க தேடுறீங்க?"

"ஒரு டப்பாங்க. கறுப்பு டேப் சுத்துனது."

அவர் முகம் மாறியது. கூடையை இறக்கிவைத்தார்.

"அதா? மாசியில பூவெல்லாம் கருகிப்போச்சுங்க. காரணம் தெரியாம கெடந்தோம். அப்பத்தான் வேருக்குள்ள அது கெடந்துச்சு. உள்ள ஒரு குட்டி பொம்மை, ஒரு நோட்டு. எவனோ செய்வினை வச்சிருக்கான்னு பூசாரிகிட்ட கொண்டுபோனோம். எலுமிச்சம்பழம் அறுத்து, எல்லாத்தையும் கொளுத்தி, சாம்பலக் கொளத்துல கரைச்சாச்சு."

அந்தப் பொம்மை, டப்பாவைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக என் கணவர் வாங்கிய சாவிக்கொத்துப் பொம்மை. அதற்கும் திட்டியிருந்தேன். சருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நோட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"எம் மகதான் படிச்சா. ஒரு பொம்பளப் பேரு. அதுக்குக் கீழ, 'இன்னைக்காவது வந்தியே'ன்னு ஒரே வரி. எந்தப் பேயக் கூப்பிட்டு விட்டானோ."

என்ன பெயர் என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து என் காதருகே சொன்னார். என் பெயர்தான்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. யார் காடு, யார் எதிரில் என்றெல்லாம் பார்க்காமல் அழுதேன். செய்வினை என்று சொன்னதில் நான் பயந்துவிட்டதாக நினைத்து, அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார்.

"அதான் கழிச்சாச்சுல்ல, இனி அது இங்கிட்டு வராதுங்க. பயப்படாதீங்க. ஒங்க பேரு என்ன?"

பாவம், அவரும் பயந்துவிடப்போகிறாரே என்று வேறு ஒரு பெயரைச் சொன்னேன்.